கனமான பெட்டகம்தான் பாதுகாப்பான பெட்டகமா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஓர் இரவு 10 மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் குடும்பத்தோடு இருக்கும் என் சின்னம்மா மகன் அழைத்தான். அங்கே அப்போது காலை 9 மணி.

“அக்கா, நீங்கதான் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறீங்களே, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. துப்பாக்கி வைக்கிற பெட்டகம் ஒன்னு கழிவு விலையில கிடைக்குது. 300 கிலோ. நாங்க இருக்கிறது மூனாவது மாடி, வாடகை வீடு. வாங்கலாமா?”

வேலையிடத்து நண்பர்களோடு துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய்ப் பழகியவன், சொந்தமாக ஒரு வேட்டைத் துப்பாக்கியும் ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கியிருக்கிறான். வீட்டில் 9 வயதில் மகன், 4 வயதில் மகள். “துப்பாக்கியே வேணாம்னு சொல்லுவேன் தம்பி. இல்லாட்டி, பயிற்சி இடத்துலயே வாடகைக்கு வச்சுட்டு வா,” என்றேன். சிரித்தான். அவன் முடிவு செய்துவிட்டான். இனி நான் உதவக்கூடியது ஒன்றில்தான்: அந்த இரண்டு பிள்ளைகளின் கை துப்பாக்கியில் படாமல் இருக்க என்ன வழி?

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஆசிரியர் அறையிலும் அதையே கேட்டார்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். மாணவர் இதழில் இது தேவையா? தேவை என்பது என் கருத்து. “கனமாக இருக்கிறது, விலை அதிகம், ஆகவே பாதுகாப்பானது” என்று நம்பி நாமும் தினமும் பொருள் வாங்குகிறோம். அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. தம்பியின் பெட்டகம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தரை தாங்குமா?

முதலில் அவன் பயந்தது தரையைப் பற்றித்தான். பெட்டகத்தின் அடிப்பகுதி 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். பரப்பு 0.3 சதுர மீட்டர். 300 கிலோவை 0.3ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. அமெரிக்காவில் குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர அடிக்கு 40 பவுண்டு சுமைக்கு வடிவமைப்பது வழக்கம். நம் அளவில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 195 கிலோ. (நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளில் வீட்டுத் தளத்துக்கான அளவு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ.) 1,000 எங்கே, 195 எங்கே? ஐந்து மடங்கு! தரை உடைந்துவிடும் என்று முடிவு கட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். என் எடை 60 கிலோ. என் இரண்டு பாதங்களின் பரப்பு சுமார் 0.03 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 2,000 கிலோ. வகுப்பறையில் சும்மா நிற்கும் நான் அந்தப் பெட்டகத்தைவிட இரு மடங்கு அழுத்தம் கொடுக்கிறேன். எந்தத் தரையும் இதுவரை என்னால் உடையவில்லை.

அப்படியானால் கவலையே இல்லையா? அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் பரப்பு 12 சதுர மீட்டர். 195ஆல் பெருக்கினால் 2,340 கிலோ. “300 கிலோ அதில் எட்டில் ஒரு பங்குதானே” என்று விற்பனையாளர் சொல்லிவிடுவார். அதுவும் பாதி உண்மைதான்.

முழு உண்மை தரைக்கு அடியில் இருக்கிறது. நம் அடுக்குமாடி வீடுகளின் தளம் கம்பி கட்டிய கான்கிரீட். அமெரிக்காவில் மூன்று நான்கு மாடி வாடகைக் குடியிருப்புகள் பல மரத்தால் எழுப்பப்படுகின்றன. தம்பியின் குடியிருப்பும் அப்படித்தான். சுவரிலிருந்து சுவருக்கு மரச் சட்டங்கள் வரிசையாகக் கிடக்கும். இரண்டு சட்டங்களுக்கு இடையே பெரும்பாலும் 16 அங்குலம், அதாவது 40 செ.மீ. இடைவெளி. அவற்றின் மேல் பலகை. பெட்டகத்தின் சுமை அறை முழுவதும் பரவாது. அடியில் இருக்கும் இரண்டு சட்டங்களே பெரும்பகுதியைச் சுமக்கும்.

ஒரு சட்டத்தின் நீளம் 4 மீட்டர் என்று கொள்வோம். அதன் பங்கு 4 × 0.4 = 1.6 சதுர மீட்டர். 195ஆல் பெருக்கினால் 312 கிலோ. இது சட்டம் முழுக்கப் பரவிய சுமை. இப்போது பெட்டகத்தின் பாதி எடையான 150 கிலோவைச் சட்டத்தின் நடுவில் ஒரே இடத்தில் வையுங்கள். நடுவில் குவிந்த சுமை, அதே அளவு பரவிய சுமையைப் போல இரு மடங்கு வளைக்கும். ஆக 150 கிலோ, 300 கிலோ பரவியதற்குச் சமம். அனுமதித்த 312 கிலோவில் கிட்டத்தட்ட முழுவதையும் பெட்டகம் ஒன்றே விழுங்கிவிட்டது. சோபா, அலமாரி, விருந்தாளிகள் எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும்.

அதே பெட்டகத்தைச் சுவரை ஒட்டி, சட்டத்தின் முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்தால் வளைக்கும் விளைவு நடுவில் வைத்ததில் 28 விழுக்காடுதான். சாக்கடையின் மேல் போட்ட பலகையில் நடந்தவர்களுக்கு இது தெரியும். ஓரத்தில் கால் வைக்கும்போது பலகை அசையாது. நடுவுக்கு வந்தால் தொய்யும்.

கட்டடத்தில் பாதுகாப்புக் கூடுதல் வைத்துத்தான் கட்டுவார்கள். ஆகவே நடுவில் வைத்தாலும் தரை உடனே இடிந்து விழாது. ஆனால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. நீண்ட நாள் சுமை இருந்தால் மெல்ல மெல்லத் தொய்யும். உங்கள் வீட்டுப் பலகை அலமாரியில் தடித்த அகராதிகள் இருக்கும் தட்டைப் பாருங்கள், புரியும். தொய்ந்தால் விரிசல் விடுவது கீழ்வீட்டுக்காரரின் கூரை. வாடகை வீட்டில் அந்தக் கணக்கு தம்பியின் தலையில்தான் விழும்.

மேலே ஏற்றுவது யார்?

அமெரிக்காவில் தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணுவார்கள். அதனால் மூன்றாம் மாடி என்பது தரையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. 300 × 9.8 × 6 = 17,640 ஜூல் வேலை. பெரிய எண்ணாகத் தெரிகிறதா? கலோரியாக மாற்றினால் உணவுப் பொட்டலங்களில் போடும் கணக்கில் வெறும் 4 கிலோகலோரி. ஒரு பிஸ்கட்டைக் கடித்தால் அதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

அதனால் இங்கே சக்தி ஒரு பிரச்சினையே இல்லை. பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை. 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 21 கி.மீ. வேகத்தில் வரும்போது அதனிடம் இருப்பதும் இதே 17,640 ஜூல்தான். குறுகலான படிக்கட்டில், கீழே நின்று தாங்கும் மனிதரை நோக்கி அந்தக் கார் வருவதை நினைத்துப் பாருங்கள். வாடகை முடிந்து வீடு மாறும்போது இதையே திரும்பவும் செய்ய வேண்டும்.

யாரிடமிருந்து பாதுகாப்பு?

இத்தனை கணக்கும் போட்ட பிறகு தம்பியிடம் கேட்டேன்: “யாருக்குப் பயந்து பெட்டகம் வாங்குற?” சற்று யோசித்து, “திருடன்… அப்புறம் பிள்ளைங்க” என்றான். வரிசையை மாற்றச் சொன்னேன்.

காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக்கான காரணங்களில் துப்பாக்கிக் காயம் சாலை விபத்தையும் முந்தி முதலிடத்துக்கு வந்தது. தம்பி வாழும் டெக்சஸ் மாநிலத்தில், கவனக்குறைவால் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைத்தால் பெரியவர்மீது வழக்குத் தொடரலாம். துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டாவை எடுத்துவிடுவது, தோட்டாவைப் பூட்டுவது, அதைத் தனியிடத்தில் வைப்பது ஆகிய நான்கு பழக்கங்களும் பிள்ளைகளுக்கான ஆபத்து குறைவாக இருப்பதோடு தொடர்புடையவை என்று 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கவனியுங்கள், அந்த நான்கில் எதற்கும் 300 கிலோ தேவையில்லை.

திருடனுக்கு எதிராகவும் எடை மட்டும் போதாது. அமெரிக்காவில் வீட்டுப் பெட்டகங்களுக்கு அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரிஸ் நிறுவனம் தரும் அடிப்படைச் சான்றின் சோதனை என்ன தெரியுமா? சாதாரணக் கைக்கருவிகளை வைத்துக்கொண்டு ஒருவர் 5 நிமிடம் முயல்வார். அதற்குள் திறக்காவிட்டால் தேர்ச்சி. பெட்டகம் விற்பது நேரத்தைத்தான். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

சுவரோடு பிணைக்காத பெட்டகத்தைத் திருடன் முதலில் சாய்த்துத் தரையில் படுக்க வைப்பான். பிறகு கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்து, அதன் முனையில் முழு உடம்பையும் போட்டு அழுத்துவான். நெம்புகோல் பாடம் அவனுக்கும் தெரியும். பெட்டகம் நிமிர்ந்தே நின்றால், அதுவும் மூலையில் நின்றால், கடப்பாரையை ஆட்ட அவனுக்கு இடம் கிடைக்காது. மேலும், உயரமான ஒடுக்கமான பெட்டியின் கதவைப் பிடித்து ஒரு குழந்தை தொங்கினாலே அது கவிழக்கூடும். அடித்தளம் சிறிதாகவும் உயரம் அதிகமாகவும் இருந்தால் நிலைத்தன்மை குறையும் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள்.

நான் சொன்ன பெட்டி

நான் பரிந்துரைத்தது இதுதான். உயரம் 1.4 மீட்டர், அகலம் 50 செ.மீ., ஆழம் 40 செ.மீ. எஃகின் தடிமன் 3 மில்லிமீட்டர். ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 2.92 சதுர மீட்டர். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. பெருக்கினால் உடல் எடை சுமார் 69 கிலோ. பூட்டு, கீல் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பெரிய மனிதரின் எடைதான். இரண்டு பேர் தூக்கிப் படியேறலாம். தரையைப் பற்றிய பயமே வேண்டாம்.

இலேசான பெட்டியை இரண்டு திருடர்களும் தூக்கிக்கொண்டு போகலாமே? சரியான கேள்வி. அதனால்தான் சுவரோடு பிணைக்க வேண்டும். அங்கே சுவரும் மரச் சட்டங்களின் மேல் ஜிப்சம் பலகை அடித்ததுதான். வெறும் ஜிப்சம் பலகையில் திருகாணி போட்டால் இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கும் மரச் சட்டத்தில் இறங்க வேண்டும். சட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிறிய காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். பலகையைச் சட்டத்தோடு பிணைத்த திருகாணி இருக்குமிடத்தில் காந்தம் ஒட்டும். சட்டங்கள் 40 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் 50 செ.மீ. அகலப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு சட்டங்கள் கிடைக்கும்படி வைக்கலாம். சட்டத்துக்கு இரண்டாக நான்கு பெரிய திருகாணிகள் போதும். தரையைத் துளைக்கக் கூடாது. அடியில் என்ன குழாய், என்ன கம்பி ஓடுகிறது என்பது வாடகைக்கு இருப்பவருக்குத் தெரியாது. சுவரில் போடும் நான்கு துளைகளுக்கும் வீட்டுக்காரரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கச் சொன்னேன். காலி செய்யும்போது அடைத்துக் கொடுத்துவிடலாம்.

“தீப்பிடிச்சா?” என்று தம்பி கேட்டான். பெரிய பெட்டகங்கள் கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உட்புறம் முழுக்க ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டோடு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். அதன் எடையில் 21 விழுக்காடு நீர். தீயில் சுடும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறும். வெளியேறும்வரை வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அருமையான வேதியியல். ஆனால் கடப்பிதழையும் பத்திரங்களையும் காப்பாற்ற அதே முறையில் செய்த சிறிய பெட்டி ஒன்று போதும். இரண்டு துப்பாக்கிகளுக்காக 200 கிலோ ஜிப்சத்தையும் எஃகையும் மாடிக்கு ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஹியூஸ்டனின் காற்று நம் ஊர்க் காற்றைப் போலவே ஈரமானது. துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு, அவ்வப்போது அதைச் சூடாக்கி உலர்த்தினால் சரி.

ஒன்றை மறைக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் எஃகு, மின்கருவியோடு வந்து நிதானமாக வேலை செய்யும் திருடனைத் தடுக்காது. 300 கிலோ பெட்டகம் அவனை இன்னும் சற்று நேரம் தாமதப்படுத்தும். ஆனால் தம்பி வீட்டில் ஒவ்வொரு நாளும் இருப்பவன் அந்தத் திருடன் இல்லை. 9 வயதுப் பையன்.

யாரும் செய்யாத சோதனை

இனிதான் முக்கியமான செய்தி. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், விரல்ரேகையில் திறக்கும் ஏறத்தாழ 61,000 பெட்டகங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்தது குறித்து வழக்கும் தொடரப்பட்டிருந்தது. கோளாறு என்ன? விரல்ரேகையைச் சரியாகப் பதிவு செய்யும்வரை அந்தப் பூட்டு யார் விரல் வைத்தாலும் திறக்கும் நிலையில் இருந்தது. பதிவு முடிந்துவிட்டது என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வார். தன் விரலை வைத்துப் பார்ப்பார். திறக்கும். “வேலை செய்கிறது” என்று திருப்தியாகப் போய்விடுவார்.

அவர் செய்த சோதனை தவறு என்பதைக் கண்டுகொண்டீர்களா? தன் விரலுக்குத் திறக்கிறதா என்று பார்த்தார். மற்றவர் விரலுக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பூட்டு என்பதே இரண்டாவது வேலைக்காகத்தானே! ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை வைக்கச் சொல்லி நான் உங்களை நச்சரிப்பது இதற்காகத்தான். நாம் எதிர்பார்க்கும் விடை வருகிறதா என்று பார்ப்பது பாதிச் சோதனை. நம் எண்ணம் தவறாக இருந்தால் எது நடக்கும் என்று யோசித்து, அது நடக்கிறதா என்று பார்ப்பதே மீதி.

தம்பி சின்னப் பெட்டியை வாங்கினான். எண் அழுத்தும் பூட்டு, 6 இலக்கம். பத்து இலட்சம் வாய்ப்புகள். கண்டுபிடிக்கவே முடியாது என்று பெருமைப்பட்டான். “காலிப் பெட்டியைப் பூட்டிட்டு, உன் மகனைத் திறந்து பார்க்கச் சொல்லு” என்றேன். ஒரு வாரம் கழித்து அழைத்தான். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

“ரெண்டாவது முயற்சியில திறந்துட்டான் அக்கா.”

முதலில் தன் பிறந்த நாளை அழுத்தியிருக்கிறான். அடுத்து தங்கையின் பிறந்த நாள். பத்து இலட்சம் வாய்ப்புகள், அப்பாவைத் தெரிந்த பையனுக்கு இரண்டாகச் சுருங்கிவிட்டன. 300 கிலோ பெட்டகம் வாங்கியிருந்தாலும் அதே எண்ணைத்தான் வைத்திருப்பான். அதே இரண்டாவது முயற்சியில் அதுவும் திறந்திருக்கும். தம்பி அன்றே எண்ணை மாற்றினான். இம்முறை பகடை உருட்டி எண்ணைத் தேர்ந்தெடுத்தான். தோட்டாக்கள் வேறோர் அறையில் வேறொரு பூட்டுக்குள் போயின.

மாணவர்களே, உங்களுக்குப் பெட்டகம் வாங்கும் தேவை வராது. ஆனால் இந்தக் கணக்கு உங்கள் வீட்டிலும் இருக்கிறது. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள மீன் தொட்டியில் நிரம்பும் தண்ணீர் மட்டுமே 270 கிலோ. அதை வரவேற்பறையின் நடுவில் வைப்பதா, சுவரோரம் வைப்பதா? கனமான உயரமான அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது தம்பி தங்கை ஏறினால் கவிழுமா? அப்பாவின் கைப்பேசி கடவு எண்ணை நீங்கள் எத்தனையாவது முயற்சியில் கண்டுபிடிப்பீர்கள்? (கேட்டுவிட்டு முயலுங்கள்!)

இந்த வாரம் வீட்டில் பாதுகாப்பானது என்று எல்லாரும் நம்பும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டி, பால்கனிக் கதவு, எரிவாயுக் குழாய் எதுவாகவும் இருக்கலாம். அது என்ன எடை, என்ன விலை என்று கேட்காதீர்கள். யாரிடமிருந்து, எவ்வளவு நேரத்துக்கு அது காக்கிறது என்று கேளுங்கள். பிறகு ஒரு பெரியவரை உடன் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். ஹியூஸ்டனில் ஒரு பையன் இரண்டு முயற்சியில் தன் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்ததை நீங்களும் உங்கள் வீட்டில் கற்றுக்கொடுக்கலாம்.